முப்பதாவது கதிரை

முப்பது கதிரைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று சின்னக் கப்புகள், ஒரு குவளை தண்ணீர், ஒரு தாள், ஒரு பேனை. கப்புகள் மட்டும் தொண்ணூறு. முதல் தடவை எண்ணியபோது எண்பத்தொன்பது வந்தது. இரண்டாம் தடவை தொண்ணூறு. நம்பிக்கை வராமல் மூன்றாம் தடவையும் எண்ணினேன்.

மாங்குளத்தில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து அறுநூற்று இருபது காலடி வைத்தால் வருகிற பொதுநோக்கு மண்டபம் அது. காலை ஒன்பதரைக்கே தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று சத்தமிடத் தொடங்கியிருந்தது. முன்வரிசையில் முகப்பவுடர் வாசனை. வந்த பெண்களில் பதினொரு பேர் கோயிலுக்கு உடுக்கிற சேலையில் வந்திருந்தார்கள். ஒருவர் வாழைக்குலையோடு வந்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு, கால் படாமல் இருக்கச் சிரமப்பட்டார்.

யாரும் பேசவில்லை. பேசக்கூடாது என்று தாளில் இருந்தது. ஒரு வாய் குடித்தார்கள், எழுதினார்கள், தண்ணீர் குடித்தார்கள், அடுத்த கப்பை எடுத்தார்கள். நான் பேனைகளைப் பார்த்தேன். எல்லாப் பேனைகளும் ஒரே மாதிரிச் சுழன்றன. ஒரு வட்டம், கீழே ஒரு கோடு.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் புளிக்கிற பழம்

இந்தத் தொடரில் இதுவரை பழைய கதைகளாகவே எழுதிவந்தேன். இது அப்படியல்ல, நடந்து அதிக நாளாகவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிறது. எழுதினால் போகுமா பார்க்கலாம்.

என் இளைய மகள் நிரோஜா எனக்கு நாற்பத்தெட்டு வயதில் பிறந்தவள். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படிக்கப் போனாள். இடம் கிடைத்த செய்தி பரவியதும் ஒழுங்கையில் என்னை மறித்துக் கேட்டவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நாலு வருசமும் சமையலோ படிப்பிப்பினம்?"

என் மனைவிக்கும் அது புரியவில்லை. முதல் விடுமுறைக்கு வந்த மகள் கொதிக்கிற பருப்புக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது இவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "காய்ச்சல் எத்தினையாம்?" என்று கேட்டாள்.

நான்காம் வருடம் ஓர் ஆராய்ச்சி செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். நிரோஜா எடுத்தது பாலைப்பழம். வைகாசி, ஆனியில் எங்கள் காடுகளில் பழுப்பது. விரல் நுனியளவு, மஞ்சள் நிறம், தேன் இனிப்பு. சாப்பிட்டால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு அரை நாள் போகாது. காலையில் பறித்தது மறுநாள் புளித்துவிடும். அதனால் ஏ-ஒன்பது வீதியோரம் ஓலைக் கடகத்தில் வைத்து விற்பதோடு சரி. கடைத் தட்டுக்கு ஏறியதே இல்லை.

அதைப் பானமாக்கிப் போத்தலில் அடைத்து, கெடாமல் வைக்க முடியுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. கெடாமலிருக்கச் சூடாக்க வேண்டும். கூடச் சூடாக்கினால் பழத்தின் மணம் போய்விடும். ஆகவே மூன்று விதமாகச் சூடாக்கினாள். ஒன்று குறைவாக, ஒன்று நடுத்தரமாக, மூன்றாவது மிக அதிகமாக. எது எது என்று குடிப்பவருக்குத் தெரியாமலிருக்க மூன்றுக்கும் இலக்கம் கொடுத்திருந்தாள்: 417, 295, 862.

ஒவ்வொன்றின் நிறம், மணம், சுவை, தடிப்பு நான்கையும் குடிப்பவர் மதிப்பிட வேண்டும். துப்பரவாகப் பிடிக்கவில்லை என்றால் ஒன்று. மிகமிகப் பிடித்தால் ஒன்பது. இடையில் எதுவும் போடலாம்.

தெற்கில் இந்தப் பழத்தைத் தின்றவர்கள் இல்லை. தின்று பழகிய முப்பது பேர் வேண்டும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லிவிட்டார். "முப்பது பேரை நான் பிடிச்சுத் தாறன்" என்றேன். எண்ணிக்கை சம்பந்தப்பட்ட வேலை என்றால் நான் முந்திக்கொள்வேன்.

நாற்பத்தொரு வீட்டுப் படலை தட்டினேன். கதிரை வாடகைக்கு எடுத்தேன். வடைக்கு உழுந்து போடச் சொன்னேன். மனைவி, "இஞ்சரப்பா, மாப்பிள்ளை எத்தினை மணிக்கு வாறார்?" என்று, கலியாண வீடு போலக் கிண்டலாகக் கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

அன்று வந்தவர்கள் இருபத்தொன்பது பேர். ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. நிரோஜா பின் அறையில் மிச்சப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்கள் இருக்கக்கூடாது. சொந்தக்காரர் எழுதினால் அது கணக்கில்லை" என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். மூன்று கப்புகள் அதன் முன்னால் ஈ மொய்க்கக் காத்திருந்தன. என்னால் அந்த இடைவெளியைப் பொறுக்க முடியவில்லை. போய் இருந்தேன்.

862-ஐ வாயில் வைத்ததுமே தெரிந்தது. அடிப்பிடித்த சீனியின் கசப்பு. பழமே இல்லை.

ஒன்பது போட்டேன். பன்னிரண்டு கட்டத்திலும் ஒன்பது. தாளில் பெயர் எழுதத் தேவையில்லை என்பது வசதியாக இருந்தது.

மூன்று தூண்கள்

பின்னேரம் அவள் தாள்களைக் கணினியில் ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். முப்பது தாள்களில் முந்நூற்று அறுபது எண்கள். அவற்றில் முந்நூற்று நாற்பத்தொன்று ஒன்பது. மிச்சம் பத்தொன்பதும் எட்டு. எட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

திரையில் மூன்று தூண்கள் எழுந்தன. மூன்றும் ஒரே உயரம்.

"வலு நல்லாய் வந்திருக்கு என்ன?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "அப்பா, ஆக்களை என்ன சொல்லிக் கூப்பிட்டனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது. என்ரை மகளின்ரை கடைசிச் சோதினை, வந்து ஒருக்கா கைகுடுங்கோ எண்டன்."

"நாற்பத்தொரு வீட்டிலையும்?"

"ஓம்."

அவள் கணினியை மூடினாள். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "862 கருகினது. எனக்கே குடிக்கேலாது. அதுக்கும் ஒன்பது போட்டிருக்கினம். இதைக் கொண்டுபோய் நான் என்னத்தை நிரூபிக்கிறது?" என்றாள்.

அறிக்கை கொடுக்கப் பதினாறு நாட்கள் இருந்தன. பாலைப்பழக் காலம் முடிந்து நான்கு கிழமை. வீட்டில் மிச்சம் ஆறு போத்தல்கள், வகைக்கு இரண்டு. இன்னும் ஒரே ஒரு முறை முப்பது பேருக்குக் காணும். அதுவும் பிழைத்தால் அடுத்த வைகாசிவரை காத்திருந்து திரும்பவும் பழம் எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ஒரு வருடம். எனக்கு எழுபத்து மூன்று வயது. அந்த ஒரு வருடத்தை நான் எப்படி எண்ணியிருப்பேன் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பும் அளவுகோலும்

இந்த இடத்தில் இரண்டு பழைய விஷயங்களைச் சொல்லாமல் போக முடியாது.

கலியாணமான புதிதில் மனைவி ஒருநாள் மீன் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழும்பினேன். இரண்டாம் முறை கேட்டும் வாங்கினேன். பிறகு அவள் தன் கோப்பையில் வைத்து ஒரு வாய் சாப்பிட்டாள். மூன்று நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் கேட்டாள்: "நீர் சொல்லாட்டி நான் எப்பிடித் திருத்திறது? என்னை என்ன, விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரி எண்டு நினைச்சீரோ?" அவள் என்னை நீங்கள் என்னாமல் நீர் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது, வேலை. முப்பத்தொரு வருடம் குளங்களின் நீர்மட்டம் பார்த்து எழுதியவன் நான். குளக்கட்டிலிருந்து இறங்கி, அளவுகோலில் தண்ணீர் தொடும் இடத்தைப் பார்த்து, புத்தகத்தில் எழுத வேண்டும். என்னோடு வேலை செய்த ஒருவர் ஒரு மாரியில் பதினொரு நாட்கள் குளத்துக்குப் போகாமல் முதல் நாள் எண்ணையே திரும்பத் திரும்ப எழுதினார். நான்தான் கண்டுபிடித்து மேலதிகாரிக்கு எழுதினேன். காய்ச்சலில் கிடந்ததாக அவர் வந்து கெஞ்சினார். "காய்ச்சலெண்டால் அந்த இடத்தை வெறுமையாய் விட்டிருக்கலாம். பார்க்காமல் ஏன் எழுதினீர்?" என்று கேட்டேன். அவரை மாற்றிவிட்டார்கள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் நான் எழுதிய பன்னிரண்டு எண்களும் அந்தப் பதினொரு நாளைவிட மோசம். அவர் பார்க்காமல் எழுதினார். நான் குடித்துப் பார்த்துவிட்டு எழுதினேன்.

மாரியாயி வீட்டு வாசலில்

மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு மாரியாயி வீட்டுக்குப் போனேன். நிரோஜாவுக்குப் பழம் பறித்துக் கொடுத்தது அவர்தான். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வன்னிக்கு வந்தவர். பாலை மரத்தை அவரளவுக்கு அறிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அவரும் முப்பது பேரில் ஒருவர்.

வாசலில் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"மூண்டாவது கப்பு எப்பிடி இருந்தது, மாரியாயி?"

"நல்லா இருந்திச்சுங்க ஐயா."

"உண்மையைச் சொல்லுங்கோ."

கல்லைக் கீழே வைத்தார். "கருகிப்போச்சு. சட்டி அடிய சொரண்டிக் கரைச்ச மாதிரி."

"பிறகேன் ஒன்பது?"

"என்னாங்க ஐயா கேக்குறீங்க? கதிர போட்டு, வடை சுட்டு, எங்க புள்ள பரீச்சைன்னு கூப்புட்டு வச்சுக் குடுக்கிறீங்க. கருகிப்போச்சுன்னு எழுதிட்டு அந்த வடைய நான் எப்புடித் திங்கிறது?" கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "சண்டை முடிஞ்சு முகாமுல கஞ்சிக்கு வரிசையில நின்னோமே. நீங்களுந்தான் நின்னீங்க. அதுக்கப்புறம் கையில தர்ற சாப்பாட்டுக்குக் குத்தம் சொல்ல வாய் வருதா உங்களுக்கு?"

வரவில்லை என்றேன். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நூற்று எழுபது பேர் வரை நின்றிருக்கிறார்கள். கஞ்சியில் உப்பிருந்ததா என்று இன்றைக்கும் நினைவில்லை. வாளி வெறுமையாகுமுன் என் முறை வந்ததா என்பதுதான் நினைவிருக்கிறது.

"அப்ப இந்தப் பிள்ளை என்ன செய்யிறது?"

மாரியாயி சிரித்தார். "நான் ரோட்டோரமா பழம் விக்கிறப்ப வாங்க வர்றவன் என்னா பேச்சுப் பேசுறான் தெரியுமா? சின்னப் பழங்குறான், புளிக்குதுங்குறான், துப்பிக் காட்டுறான். சும்மா குடுத்தா எல்லாரும் மகராசிம்பாங்க. விக்க வந்தேன்னு சொல்லச் சொல்லுங்க. குத்தம் தானா வரும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க ஐயா. உங்க மொகத்தப் பாத்தா பாவமா இருக்கு. எவனும் ஒன்பதுதான் போடுவான்."

பஸ் நிற்கிற பதினைந்து நிமிடம்

மாங்குளச் சந்தியில் நஸீர் நானாவின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. முல்லைத்தீவுக்காரர், நீண்டகாலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். தூர பஸ்கள் அங்கே பதினைந்து நிமிடம் நிற்கும். அவரிடம் ஒரு மேசை போட இடம் கேட்டோம். "ரெண்டு மேசை போடுங்க, நமக்கென்ன" என்றார்.

நிரோஜா மேசையில் ஒரு மட்டை எழுதி வைத்தாள். கடைக்கு வரப்போகிற புதுப் பாலைப்பழப் பானம், என்ன குறை என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். வடை இல்லை. வாழைக்குலை இல்லை. பாலைப்பழம் தின்றிருக்கிறீர்களா என்று முதலில் கேட்டாள். ஓம் என்றவர்களை மட்டும் ஒவ்வொருவராக இருத்தினாள்.

எனக்குப் புகையிரத நிலையத்து வாங்கில் இருக்கும்படி கட்டளை. நாற்பது நிமிடம் இருந்தேன். பிறகு தண்ணீர் விடாய்த்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சந்திக்கு வந்து, மரக்குற்றி ஏற்றி நின்ற லொறிக்குப் பின்னால் நின்றேன். சக்கரத்துக்கு மேலால் மகளின் தலை தெரிந்தது.

கதிரையில் லொறிச் சாரதி இருந்தார். 862-ஐக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, இது என்ன, கறிச்சட்டி கழுவின தண்ணியோ?"

"அதை எழுதுங்கோ அண்ணை."

"எழுதுறன். ஒண்டு போடலாமோ?"

"ஒண்டும் போடலாம்."

"அதுக்குக் கீழை இல்லையோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கால் தானாக முன்னே போனது. நான்கு வருடம் படித்த பிள்ளையை ஒரு லொறிக்காரன் சந்தியில் வைத்து இப்படிக் கேட்பதா? இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து என் சட்டையை ஒரு கை பிடித்தது.

"மாஸ்டர், இஞ்சால வாங்க," என்றார் நஸீர் நானா. குளத்து உத்தியோகத்தனான என்னை அவர் ஏனோ அப்படித்தான் கூப்பிடுவார். "அவடத்துக்குப் போகாதீங்க. புள்ள சிரிச்சிட்டுத்தான் நிக்கிது, பாருங்க."

பார்த்தேன். நிரோஜா உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துத் தாள்களில் முந்நூற்று நாற்பத்தொரு ஒன்பதைக் கண்டபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கவில்லை.

நஸீர் நானா எனக்கொரு தேத்தண்ணி தந்து கடைக்குள் இருத்தினார். முதுகு சந்திப் பக்கம் இருக்கும்படி கதிரையைத் திருப்பியும் வைத்தார். பஸ்களின் சத்தத்தை வைத்து எண்ணினேன். எட்டாவது பஸ் போனபின் மகள் உள்ளே வந்தாள்.

"முப்பது," என்றாள்.

ஆறு தசம் இரண்டு

இந்த முறை தூண்கள் ஒரே உயரத்தில் இல்லை. 862 தரையோடு கிடந்தது. 417 நடுவில். மிக உயரம் நடுத்தரமாகச் சூடாக்கிய 295. அதன் சுவைக்குச் சராசரி ஆறு தசம் இரண்டு; திரையில் 6.2 என்றிருந்தது.

"ஆறுதானோ?" என்றேன். வாய் சொன்னபின்தான் மூளை வந்தது.

"ஆறு எண்டால் ஆறு அப்பா. நல்ல ஆறு. ஒன்பதை வைச்சு நான் எங்கை போறது? இதிலையிருந்து ஏழுக்குப் போகலாம்." மணம் போதாது என்று பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பதினான்கையும் அவள் நகைக் கடைக்காரன் போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனாள். அறிக்கையை இரண்டு நாள் முந்திக் கொடுத்துவிட்டாள். முதல் முப்பது தாளைப் பற்றியும் அதில் ஒரு பந்தி எழுதியிருக்கிறாளாம். ஏன் சேர்க்கவில்லை என்று. என் பெயர் அதில் இல்லை என்று சொன்னாள்.

அவள் போன அன்று பத்து மணிபோல் மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, "இஞ்சரப்பா, உங்களுக்கு என்னவோ வைச்சிட்டுப் போயிருக்கிறாள்" என்று கூப்பிட்டாள்.

மூன்று கப்புகள், மூடியோடு. 417, 295, 862. பக்கத்தில் வெறுமையான ஒரு தாள். அதன் பின்புறத்தில் அவளுடைய எழுத்து:

"அப்பா, மண்டபத்திலை முப்பதாவது ஆள் ஆர் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஒன்பதின்ரை காலை மடக்கி மீன்தூண்டில் மாதிரி எழுதிறது குளத்துப் புத்தகம் எழுதின ஆள் மட்டும்தான். இதைக் கணக்கிலை சேர்க்கேலாது. எனக்குத் தெரிய வேணும், அவ்வளவுதான்."

குசினி மேசையில் இருந்தேன். பேனை எடுத்தேன். எழும்பிப் போய்க் கண்ணாடி எடுத்து வந்தேன். திரும்ப இருந்தேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

862 மணம்: ஒன்று. சுவை: ஒன்று. 417 லேசாகப் புளித்தது, நான்கு போட்டேன். 295-இன் நிறம் மாரியில் கலங்கிய குளம் போல இருந்தது, ஐந்து. சுவைக்கு அதிக நேரம் எடுத்தது. உதட்டை நக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒட்டாத பாலைப்பழத்துக்கு எத்தனை போடுவது? ஏழு.

கடைசிக் கட்டம் 295-இன் தடிப்பு. இரண்டு தடவை குடித்தேன். கட்டுப்பல்லோடு எனக்கு அது பிடிபடவில்லை. பேனை ஒன்பதுக்குப் போகப் பார்த்தது. ஆறுக்கும் போகப் பார்த்தது.

தாளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அப்பா, ஒரு கட்டம் வெறுமையா இருக்கு."

ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினேன்: "தெரியேல்லை. அதுதான் விட்டனான்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தாள். பதினொரு எண்கள், ஒரு வெற்றிடம்.

"மீன் குழம்புக்கும் இப்பிடி ஒரு தாள் அடிச்சுத் தரச்சொல்லுங்கோ," என்றாள்.

கைபேசி மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. மகள் எழுதியிருந்தாள்: "சரி அப்பா. இதை நான் வைச்சிருக்கிறன்."